கப்பல் அறையை முதலில் மொட்டை மாடியில் வரைந்து பாருங்கள்

மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்கின் மொட்டை மாடியில் ஒன்பது அடி அகலமும் இருபது அடி நீளமுமாகக் கோலப்பொடியால் ஒரு செவ்வகம் வரைந்து, அதற்குள் கட்டில், சோபா, குளியலறை எல்லாவற்றையும் கோடு கோடாக இழுத்துவிட்டு, வீட்டிலுள்ள நான்கு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே போய் நின்று பார்ப்போம். சொகுசுக் கப்பலில் அறை பதிவு செய்வதற்கு முன் நாங்கள் தவறாமல் செய்யும் வேலை இது. இன்றைய பெரிய கப்பல்களில் சாதாரண பால்கனி அறையின் உட்பரப்பு பெரும்பாலும் இந்த 180 சதுர அடியை ஒட்டியே இருக்கிறது. வழக்கமான அமைப்புள்ள அறைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஆனால் குளியலறையை இரண்டாகப் பிரித்திருக்கிறோம், பால்கனியை அறைக்குள் சேர்த்திருக்கிறோம், சுவரை வளைத்திருக்கிறோம் என்று நிறுவனம் பெருமையாகச் சொல்லும் அறைக்கு இது கட்டாயம் தேவை.

இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலில், படங்களில் மிக அழகாகத் தெரிந்த ஓர் அறையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். குளியலறைக்குச் சுவருக்குப் பதிலாக மங்கலான கண்ணாடி வைத்திருந்தார்கள். உள்ளே நிற்பவரின் நிழல் வெளியே தெரியும். விளக்கைப் போட்டால் கட்டிலில் படுத்திருப்பவரின் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். என் மாமியார் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து குளித்துவிட்டுத்தான் காபியைத் தொடுவார். மூன்று நாளும் அவர் விளக்கே போடாமல், சுவரைத் தடவித் தடவி இருட்டில் குளித்திருக்கிறார் என்பது, நான்காம் நாள் அவருடைய கால் விரலில் ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குளியலறை வாசலில் நான்கு விரற்கடை உயரத்துக்கு இருந்த தடுப்பில் இடித்துக்கொண்டிருக்கிறார். "பரவாயில்லம்மா, உங்க தூக்கம் கெடக் கூடாதுல்ல" என்றார். அறையின் அழகைப் பார்த்த நான், அதற்குள் எங்கள் வீட்டின் காலைப்பொழுது எப்படி நடக்கும் என்று பார்க்கத் தவறிவிட்டேன்.

கப்பல் அறைகள் ஏன் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான அறைகள் தொழிற்சாலையில் முழுமையாகச் செய்யப்பட்டு, பெட்டியைப் போலக் கப்பலுக்குள் தள்ளிப் பொருத்தப்படுகின்றன. குளியலறை அதற்குள் ஒரே துண்டாக வரும் இன்னொரு பெட்டி. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தளம் தளமாக நேர்கோட்டில் இறங்க வேண்டும் என்பதாலும், பழுதுபார்ப்பவர் பயணியின் அறைக்குள் நுழையாமலேயே நடைபாதையிலிருந்து அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதாலும், குளியலறை பெரும்பாலும் நடைபாதையை ஒட்டியே அமைகிறது. வாசலில் உள்ள தடுப்பும் வீண் அலங்காரமன்று. கப்பல் சாயும்போது தேங்கிய தண்ணீர் கம்பளத்துக்கு ஓடிவிடாமல் காப்பது அதுதான். ஆகவே புதுமை என்ற பெயரில் ஒரு வடிவமைப்பாளர் எதையாவது இடம் மாற்றியிருந்தால், அந்த மாற்றத்துக்காக எதைக் கைவிட்டிருக்கிறார் என்பதே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 2010இல் ஓடத் தொடங்கிய நார்வீஜியன் எபிக். பிரான்சின் சான்-நசேர் கட்டுமானத் தளத்தில் உருவான அந்தக் கப்பலில் சுவர்களை அலைபோல வளைத்தார்கள். நுழைவாயிலின் ஒரு பக்கம் கழிப்பறையையும் மறு பக்கம் ஷவரையும் வைத்து, இரண்டுக்கும் மங்கலான கண்ணாடிக் கதவு போட்டார்கள். வாஷ்பேசினை வெளியே, அறைக்குள்ளேயே வைத்தார்கள். நுழைவுப் பகுதியையும் படுக்கைப் பகுதியையும் பிரிப்பதற்கு இருந்தது ஒரு திரைச்சீலை. பயணிகளிடமிருந்து கிளம்பிய எதிர்ப்பு சாதாரணமானதன்று. 2013இல் வந்த நார்வீஜியன் பிரேக்அவே கப்பலில் அந்த நிறுவனம் வழக்கமான குளியலறைக்கே திரும்பிவிட்டது.

மும்பைக்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. மாட்டுங்காவிலும் சயானிலும் உள்ள பழைய கட்டடங்களை நினைத்துப் பாருங்கள்: டாய்லெட் தனி, பாத்ரூம் தனி, வாஷ்பேசின் இரண்டுக்கும் வெளியே நடையில். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பல் தேய்க்கலாம், மூன்றாமவர் கழிப்பறைக்குப் போகலாம். ஏழு மணி லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டிய ஐந்து பேர் ஒரே வீட்டில் சமாளிப்பது இந்த ஏற்பாட்டால்தான். எபிக் கப்பலின் வரைபடமும் கிட்டத்தட்ட இதே வரைபடம்தான். அப்படியிருந்தும் நம் வீட்டில் நன்றாக நடப்பது அங்கே ஏன் நடக்கவில்லை? நம் வீட்டில் இரண்டுக்கும் செங்கல் சுவரும் மரக்கதவும் உண்டு, நடை என்று ஓர் இடைவெளியும் உண்டு. அங்கே கண்ணாடியும் திரையும் மட்டுமே இருந்தன, கட்டிலோ சில அடி தூரத்தில் இருந்தது. பிரித்தது தவறில்லை என்பதே என் உறுதியான கருத்து. பிரித்தவற்றுக்கு மறைவு தராமல் விட்டதுதான் தவறு.

அதற்குச் சான்று டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்கள். 1998இல் வந்த டிஸ்னி மேஜிக் முதலே, பல வகை அறைகளில் கழிப்பறையும் ஒரு வாஷ்பேசினும் ஒரு சிற்றறையில், குளியல் தொட்டியும் இன்னொரு வாஷ்பேசினும் அடுத்த சிற்றறையில் என்று பிரித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் உண்மையான சுவரும் கதவும் இருப்பதால், குழந்தைகளோடு போகும் குடும்பங்கள் அதைக் கொண்டாடுகின்றன. நான்கு பேர் ஓர் அறையில் தங்கப் போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல அமைப்பை நான் கண்டதில்லை.

இனி வரைவதற்கு வருவோம். கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் அறை வகையின் தரைப்படம் இருக்கும். சதுர அடிக் கணக்கும் இருக்கும். அந்தக் கணக்கில் பால்கனி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். தரைப்படத்தில் அளவுகள் இல்லாவிட்டால் கட்டிலையே அளவுகோலாகக் கொள்ளலாம். இரண்டு தனிக் கட்டில்களைச் சேர்த்துப் போட்ட கப்பல் கட்டில் ஏறக்குறைய ஆறடி அகலம் இருக்கும். அதை வைத்து மற்றவற்றைக் கணக்கிட்டுவிடலாம். கோலப்பொடியோ சாக்பீஸோ கொண்டு தரையில் முழு அளவில் வரையுங்கள். கதவுகள் எந்தப் பக்கம் திறக்கும் என்பதை அரைவட்டமாகக் குறியுங்கள், ஏனென்றால் சண்டை பெரும்பாலும் கதவுகளில்தான் வரும். கழிப்பறைக் கோப்பை இருக்கும் இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, வீட்டிலேயே உயரமானவரை உட்காரச் சொல்லி, முழங்கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இப்படி வரைந்தபோது மாமியார் அலமாரிக்கும் குளியலறைக்கும் நடுவில் நின்றுகொண்டு, "ஏம்மா, இந்த ரெண்டு கதவையும் ஒண்ணா திறந்தா நான் எங்க நிக்கறது?" என்று கேட்டார். இணையதளத்தில் அரை மணி நேரம் படங்களைப் புரட்டியும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

பிறகு ஒரு காலைப்பொழுதை நடித்துப் பாருங்கள். யார் முதலில் எழுவார், அவர் யாரைத் தாண்டிப் போவார், புடவை கட்ட எங்கே நிற்பார், ஈரத்துணியை எங்கே போடுவார், அப்போது தூங்குகிறவரின் கண்ணில் வெளிச்சம் படுமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது படுக்கை கூரையிலிருந்து இறங்குவதாக இருந்தால் ஏணி எங்கே நிற்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் ஏணி குளியலறை வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் அறைகள் உண்டு.

வரைபடம் சொல்லாதவற்றை ஏஜென்டிடம் கேட்க வேண்டும். குளியலறைச் சுவர் கண்ணாடியா, மறைப்புள்ளதா? ஷவருக்குக் கதவா, திரைச்சீலையா? வாசல் தடுப்பின் உயரம் எவ்வளவு? ஷவர் கையில் எடுக்கும்படி இருக்கிறதா? திரைச்சீலை என்றால், தண்ணீர் பட்டதும் அது உடம்போடு ஒட்டும், தரை நனையும். வயதானவர்களோடு போகிறவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகளுக்கு ஆசைப்படுவதுண்டு. தடுப்பில்லாத சமதரையும் அகன்ற கதவும் அவற்றில்தான் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. உண்மையில் தேவைப்படுபவருக்கு மட்டுமே கேட்பதுதான் நியாயம்.

கழிப்பறையில் தண்ணீர் பயன்படுத்தும் நம் வழக்கத்தையும் கூச்சப்படாமல் கேளுங்கள். கழுவிக்கொள்ளும் கைக்குழாய் கழிப்பறையில் இல்லாத கப்பல்கள் பல. எங்கள் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் எப்போதும் இருக்கும். பிரித்த குளியலறை என்றால், கழிப்பறைப் பகுதிக்குள்ளேயே வாஷ்பேசின் இருக்கிறதா என்பது நமக்கு மிக முக்கியம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மக்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அறையின் குறுக்கே நடக்க வேண்டியிருக்கும். கப்பலின் கழிப்பறை காற்று உறிஞ்சும் முறையில் இயங்குவது. ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரே போதும், ஆனால் பெருஞ்சத்தத்தோடு இழுக்கும். அதற்குரிய காகிதத்தைத் தவிர வேறு எதைப் போட்டாலும் அடைத்துக்கொள்ளும், அடைப்பு பக்கத்து அறைகளையும் பாதிக்கும். இரவு இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கேட்கும்போது நடுவில் இருப்பது மெல்லிய கண்ணாடியா, சுவரா என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று தெரியும்.

பால்கனிப் புதுமைகளில் நான் அதிகம் யோசித்தது, 2018இல் வந்த செலிபிரிட்டி எட்ஜ் கப்பலின் அமைப்பைப் பற்றி. நதிகளில் ஓடும் கப்பல்களில் முன்பே இருந்த முறை இது. தனியாக வெளியே நீட்டிய பால்கனி கிடையாது; அறை கப்பலின் விளிம்பு வரை போகும், பொத்தானை அழுத்தினால் கண்ணாடியின் மேல்பாதி கீழே இறங்கும். மும்பையில் பால்கனியை மூடி ஹாலோடு சேர்த்துக்கொள்ளாத வீடு எது? அதே தந்திரம்தான் இதுவும்; இடம் கூடுகிறது, வெளியில் உட்காரும் சுகம் குறைகிறது. கண்ணாடியை இறக்கினால் அறையின் ஏசி நின்றுவிடும், உள் மடிப்புக்கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வானிலை மோசமானால் கப்பல் ஊழியர்கள் கண்ணாடியைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே பூட்டிவிட முடியும். ஒருவர் தூங்க, இன்னொருவர் கதவைச் சாத்திக்கொண்டு இரவில் கடலைப் பார்த்திருக்க விரும்பும் தம்பதிக்கு நான் பழைய பால்கனியையே சொல்வேன். பகலில் அறைக்குள் குழந்தை விளையாட இடம் வேண்டுமென்றால் புதியது நல்லது.

2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலில் பால்கனிகள் உள்பக்கமாக, நடுவிலுள்ள பூங்காவைப் பார்த்தும் அமைந்திருக்கின்றன. காற்று வரும், கடல் தெரியாது, எதிர் வரிசைக்காரர் உங்களைப் பார்க்கலாம். மும்பையின் சால் எனப்படும் பழைய வரிசை வீடுகளின் நீண்ட வராந்தாவில் வளர்ந்தவர்களுக்கு அது பிடித்தே போகும். நீர்க்காட்சி அரங்கின் பக்கம் இருக்கும் அறைகளில் சத்தத்துக்குத் தயாராக இருங்கள். குவீன் மேரி 2 கப்பலில் சில பால்கனிகள் கப்பலின் உடலுக்குள் குடைந்தவை; காற்றிலிருந்து நல்ல பாதுகாப்பு, ஆனால் முன்னால் இருப்பது இரும்புச் சுவர் என்பதால் உட்கார்ந்தால் கடல் மறைந்துவிடும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இது உடனே விளங்கும்.

2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனியில் பிடித்த தீ அறை அறையாகப் பரவி ஒரு பயணி உயிரிழந்த பிறகு, பால்கனிப் பொருள்களுக்கான சர்வதேச விதிகள் கடுமையாயின. கப்பலில் தீ அவ்வளவு ஆபத்தானது. எந்த அறையானாலும் விளக்கேற்றுவது, ஊதுபத்தி, சிறிய ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி எதற்கும் இடமில்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மும்பை பாலர்ட் பியரிலிருந்து பயணம் தொடங்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். 2021 செப்டம்பரில் இங்கிருந்து ஓடத் தொடங்கிய, கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990இல் கட்டப்பட்ட கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் அறைகள் சிறியவை, பால்கனி அறைகள் குறைவு; எனவே இணையத்தில் பார்த்த புதிய கப்பல்களின் அளவுகளை வைத்துக் கோலம் போடாதீர்கள், அந்த அறையின் அளவையே கேட்டு வாங்குங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் புதுமை அறையைப் பரிந்துரைப்பதில்லை. கப்பலின் நடுப்பகுதியில், மேலும் கீழும் பயணிகளின் அறைகளே இருக்கும் தளத்தில், சாதாரண அமைப்புள்ள ஓர் அறை போதும். ஆட்டமும் குறைவு, நடனக்கூடத்தின் சத்தமும் இராது.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். பலவற்றில் சுவர் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும், ஈரத்துண்டுக்கு அதுவே போதும். அதை ஒட்டிப் பார்ப்பதெல்லாம் பிறகு. முதலில் விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறை விளக்கை மட்டும் போட்டு, கட்டிலில் படுத்துப் பாருங்கள். அடுத்து ஷவரை இரண்டு நிமிடம் திறந்துவிட்டு, தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, தடுப்பைத் தாண்டுகிறதா என்று நின்று கவனியுங்கள். தேங்கினால் அப்போதே அறைப் பணியாளரைக் கூப்பிடுங்கள்; கப்பல் கரையை விட்டு விலகும் வரை மாற்று அறை கிடைக்க ஓரளவு வாய்ப்பிருக்கும். வாசல் தடுப்பின் விளிம்பில் வெள்ளை டேப் ஒன்றை நீளமாக ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகே மாமியாரை உள்ளே அழைப்பது என் வழக்கம்.