ஒரே கருடனை ஆறு முறை எண்ணாதீர்கள்

பினாங்கில் அறநிதிக்காக நடந்த பருந்து எண்ணும் போட்டிக்கு எங்கள் நால்வர் குழு முதன்முதலாகப் போனபோது, தெலுக் கும்பார் பக்கம் மீன்படகுகள் கரையேறும் இடத்தில் ஒன்றரை மணி நேரத்தில் 41 செம்பருந்துகளை, அதாவது நாம் கருடன் என்று கும்பிடும் பறவைகளை, எண்ணிவிட்டோம். பறவைக்கு ஒரு ரிங்கிட் வீதம் முதியோர் இல்லத்துக்குத் தருவதாக லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். குறிப்பேட்டில் கோடு விழ விழ மனம் ரிங்கிட்டைக் கூட்டிக்கொண்டே இருந்தது.

இடது இறக்கையில் ஓர் இறகு உதிர்ந்து, பல் விழுந்த சீப்பைப்போல இருந்த ஒரு பறவையை என் தங்கைதான் முதலில் கவனித்தாள். படகுகளுக்கு மேல் வரும். தண்ணீரில் மிதக்கும் மீன்குடலைக் காலால் அள்ளும். தென்னைகளுக்குப் பின்னால் மறையும். ஏழெட்டு நிமிடம் கழித்துக் கடல் பக்கமிருந்து புதிய விருந்தாளிபோல வந்து சேரும். அதை மட்டுமே ஆறு முறை எண்ணியிருந்தோம்.

கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டால் சுற்றுக்கு ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. எண்ணிக்கைத் தாளில் அது ஒன்றுதான்.

ஓரிடத்திலேயே சுற்றித் திரியும் பறவைகளுக்கு வழி எளிது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தை இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் பாருங்கள். அந்த வீச்சில் எத்தனை தெரிகின்றனவோ அதை எழுதுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டக் கூடாது. இருப்பதிலேயே பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று அப்படி மறுபடி எண்ணியதில் 41 ஒன்பதாகச் சுருங்கியது. உண்மையில் பதினைந்துகூட இருந்திருக்கலாம். ஆனால் ஒன்பதுக்குக் குறையாது என்று அடித்துச் சொல்லலாம். அண்ணன் 41க்கே பணம் தருகிறேன் என்றார், வாங்கிக்கொண்டோம். தாளில் 9 என்றுதான் எழுதினோம்.

வலசை போகும் பருந்துகளுக்கு இந்த முறை உதவாது. அவை திரும்பி வரப்போவதில்லை, கடந்துபோகின்றன. போர்ட் டிக்சன் அருகே தஞ்சோங் துவானில் மார்ச் மாதத்தில், சுமத்ராவிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலைத் தாண்டித் தேன்பருந்துகள் கூட்டங்கூட்டமாக வந்து கரையேறுகின்றன. கடலின் மேல் வெப்பக்காற்று சரியாக எழும்பாததால் இறக்கையடித்துக் களைத்து வருபவை, நிலத்தைத் தொட்டதும் ஒரே சுழலில் ஏறத் தொடங்கும். சுழலும்போது எண்ணுவது கொதிக்கிற பானையில் அரிசியை எண்ணுவதற்குச் சமம். உச்சிக்குப் போனதும் அவை சுழலைவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கி வெளியேறும். ஒரு மரத்தையோ மலைமுகட்டையோ கோடாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டுபவற்றை அப்போது எண்ணுங்கள்.

அடையாளத்தில் நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சென்னைக்குப் போய்வந்தவர்கள் பழுப்பாக எதைக் கண்டாலும் கரும்பருந்து என்று எழுதிவிடுகிறார்கள். கரும்பருந்து இங்கே குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவை. பினாங்குக் கரையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இன்னும் வெள்ளைத் தலை வராத இளம் செம்பருந்துதான். வாலைப் பாருங்கள்: செம்பருந்துக்கு வால்நுனி உருண்டிருக்கும், கரும்பருந்துக்கு நடுவில் சற்றே பிளந்திருக்கும். தேன்பருந்தை நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது. வெளிறியதும் உண்டு, கறுத்ததும் உண்டு. நீண்ட கழுத்தில் புறாத்தலைபோலச் சிறிய தலை தெரிந்தால் அதுதான். வெண்வயிற்றுக் கடற்கழுகு இறக்கைகளை மேல்நோக்கி ‘V’ போல உயர்த்தி மிதக்கும். வால் குட்டையாக, ஆப்பு வடிவில் இருக்கும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ‘கழுகு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பழக்கம். பேச்சில் போகட்டும். தாளில் அப்படி எழுதினால் மாலையில் அதை எந்த இனத்தில் சேர்ப்பது என்று நால்வரும் சண்டை போடுவீர்கள், நாங்கள் போட்டோம்.

விடியற்காலையில் ஓடுவதும் வீண். குருவிகளுக்குத்தான் ஆறரை மணி. தரை சூடேறாமல் பெரிய பருந்துகள் கிளையைவிட்டு எழுவதில்லை. அந்த நேரத்தைச் செபராங் பிறை வயல்களுக்குக் கொடுங்கள். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கருந்தோள் பருந்தும், குளிர்காலமானால் நெற்பயிருக்கு மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்தும் அங்கே கிடைக்கும். பத்து மணிக்குமேல் கடற்கரைக்கோ கொடிமலைப் பக்கமோ போகலாம். சூரியனுக்கு அருகில் பறக்கும் பறவையைத் தொலைநோக்கியால் துரத்தாதீர்கள், கண் போய்விடும்.

கோழிக்குடலை வீசிப் பருந்துகளை வரவழைக்கும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். அது எண்ணிக்கை அல்ல, பந்தி. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்து மறைந்ததை ஆசையில் ஏதோ ஓர் இனத்தில் தள்ளுவதும் அதே வகைதான். ‘இனம் தெரியாத பருந்து’ என்று ஒரு வரிசையைத் தாளின் அடியில் முதலிலேயே கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் இப்போதெல்லாம் அதுதான் நீளமான வரிசை.