மெடிக்கெய்ட் க்ளெய்ம் டினை ஆச்சா, மொதல்ல டாக்டரோட என்ரோல்மென்ட்ட பாருங்க

சென்னை, திருச்சி, கோவைன்னு யுஎஸ் மெடிக்கல் பில்லிங்ல இருக்கறவங்க, அதுலயும் ஏஆர்ல (வர வேண்டிய காச வசூல் பண்ற வேலைல) புதுசா சேந்தவங்க, மெடிக்கெய்ட் (அமெரிக்கால வருமானம் கம்மியானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) டினையல், அதாவது காசு தர மறுத்த பதில், கைக்கு வந்த உடனே பேயருக்கு (காசு குடுக்கற இன்சூரன்ஸுக்கு) கால போட்டுட்டு ஹோல்டுல உக்காந்துடுவாங்க. நெறைய கேஸ்ல அந்த காலே தேவையில்ல. க்ளெய்ம்ல ஒரு தப்பும் இருக்காது, பேஷண்ட பாத்த அன்னைக்கு அந்த டாக்டர் அந்த ஸ்டேட் மெடிக்கெய்ட்ல என்ரோல் ஆகி (பதிவாகி) ஆக்டிவ்வா இருந்திருக்க மாட்டாரு, அவ்ளோதான்.

மெடிக்கேர் (முக்கியமா 65 வயசானவங்களுக்கான ஃபெடரல் இன்சூரன்ஸ்) மாதிரி மெடிக்கெய்டும் 1965ல வந்ததுதான், ஆனா இத நடத்தறது ஒவ்வொரு ஸ்டேட்டும். கலிஃபோர்னியால மெடி-கால், டென்னஸில டென்கேர், மாசசூசெட்ஸ்ல மாஸ்ஹெல்த்னு பேரே மாறும். அதனால டெக்சாஸ்ல என்ரோல் ஆன டாக்டர் ஒக்லஹோமா பேஷண்டுக்கு பில் பண்ணணும்னா அந்த ஸ்டேட்லயும் தனியா என்ரோல் ஆகணும்.

என்ரோல் ஆகறவங்கள சோதிக்கற ஸ்க்ரீனிங் கதை 2010 அஃபோர்டபிள் கேர் ஆக்ட்லேந்து ஆரம்பிக்குது. அதுக்கப்புறம் ப்ரொவைடர்கள மூணு ரிஸ்க் லெவலா பிரிச்சுட்டாங்க. சாதாரண டாக்டர், ஹாஸ்பிடல் எல்லாம் லிமிடெட், லைசென்ஸும் டேட்டாபேஸும் செக் பண்ணுவாங்க. ஆம்புலன்ஸ், தனி லேப், பிசிக்கல் தெரபி மாதிரி ஆளுங்க மாடரேட், சொல்லாம கொள்ளாம ஆபீஸுக்கே நேர்ல வந்து பாப்பாங்க. புதுசா சேர்ற ஹோம் ஹெல்த் ஏஜென்சி, வீல்சேர் ஆக்சிஜன் விக்கற டிஎம்ஈ கம்பெனி எல்லாம் ஹை, அதுல 5 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு வச்சிருக்கறவங்க கைரேகை குடுக்கணும். காரணம் இருக்கு, வாசல்ல போர்டு மட்டும் மாட்டிட்டு உள்ள ஒண்ணுமே இல்லாம கோடிக்கணக்குல பில் போட்ட ஆளுங்க இந்த ரெண்டு லைன்லதான் ஜாஸ்தி.

உள்ள வந்துட்டா முடிஞ்சுதுன்னு இல்ல. குறைஞ்சது 5 வருஷத்துக்கு ஒரு தடவ ரீவேலிடேஷன் (மறுபடி சரிபாத்து புதுப்பிக்கறது) பண்ணணும், லெட்டர் பழைய அட்ரஸுக்கு போய் யாரும் பாக்காம விட்டா என்ரோல்மென்ட் க்ளோஸ் ஆயிடும். ஓனர் மாறினா 35 நாளுக்குள்ள சொல்லணும். ஓஐஜியோட (ஃபெடரல் சுகாதாரத்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸோட) எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்டு (தடை பண்ணவங்க லிஸ்ட்டு), சாம் டேட்டாபேஸ் (அரசு காண்ட்ராக்ட்லேந்து தடையானவங்க விவரம் இருக்கறது) ரெண்டையும் ஸ்டேட் மாசாமாசம் செக் பண்ணுது. அந்த லிஸ்ட்ல இருக்கற ஆள் டாக்டராத்தான் இருக்கணும்னு இல்ல, பில்லிங் பண்ற ஸ்டாஃபா இருந்தாலும் பிரச்சனதான், அதனாலதான் உங்க கம்பெனி எச்ஆர் உங்க பேரையும் அதுல போட்டு தேடறாங்க, கோவப்படாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். டினையல்ல சிஓ பி7னு (அந்த தேதில அந்த டாக்டருக்கு தகுதி இல்லங்கற கோட்) வந்தா, ஸ்டேட் போர்ட்டல்ல அந்த என்பிஐய (டாக்டரோட அடையாள நம்பர) போட்டு எஃபெக்டிவ் டேட்ட (என்ரோல்மென்ட் ஆரம்பிச்ச தேதிய) எடுங்க, டேட் ஆஃப் சர்வீஸ் (பேஷண்ட பாத்த தேதி) அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பாருங்க. அடுத்து டாக்டரோட தனி என்பிஐ க்ரூப் என்பிஐயோட லிங்க் ஆகியிருக்கா, க்ளெய்ம்ல போன டேக்ஸானமியும் (டாக்டரோட ஸ்பெஷாலிட்டி கோட்) அட்ரஸும் ஸ்டேட்ல பதிஞ்சதோட ஒத்துப்போகுதா. சிஓ 183ன்னோ, ரிமார்க் என்265, என்286ன்னோ வந்தா நம்ம டாக்டர்கிட்ட தப்பு இல்ல, ஆர்டர் போட்ட இல்ல ரெஃபர் பண்ண டாக்டர்கிட்டதான், ஏன்னா அவரும் மெடிக்கெய்ட்ல என்ரோல் ஆகியிருக்கணும், லேப் க்ளெய்ம் அடி வாங்கறது பெரும்பாலும் இங்கதான். மேனேஜ்ட் கேர் ப்ளான்ல (ஸ்டேட் சார்பா மெடிக்கெய்ட் நடத்தற ப்ளான்ல) கிரெடென்ஷியலிங் (டாக்டர் தகுதிய சரிபாக்கறது) முடிஞ்சுதேன்னு கேப்பாங்க, அது பத்தாது, 2018 ஜனவரிலேந்து நெட்வொர்க்ல இருக்கறவங்களும் ஸ்டேட்ல தனியா என்ரோல் ஆகியே ஆகணும்.

என்ரோல்மென்ட்ல இடைவெளி இருக்குன்னு தெரிஞ்சா அந்த டாக்டர் க்ளெய்ம் எல்லாத்தையும் ஹோல்ட்ல போட்டுட்டு, பழைய தேதிலேந்தே எஃபெக்டிவ் டேட் குடுப்பாங்களான்னு ஸ்டேட்ட எழுத்துல கேக்க சொல்லி க்ளையன்ட்கிட்ட சொல்லுங்க, சில ஸ்டேட் குடுக்கும் சிலது குடுக்காது. இந்த எடத்துல க்ளையன்ட் ஆபீஸ்லேந்து ஒரு மெயில் வரும் பாருங்க, "அவருக்கு என்ரோல்மென்ட் இன்னும் வரல, அதுவரைக்கும் சீனியர் டாக்டர் என்பிஐல போட்டு அனுப்பிடுங்க"ன்னு. பண்ணவே பண்ணாதீங்க. பாக்காத டாக்டர் பாத்த மாதிரி பில் போகுது, ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் ஆக்ட்ல நஷ்டத்தப்போல மூணு மடங்கும் அதுக்கு மேல ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனி அபராதமும் போடலாம். அந்த ஸ்டேட்ல சூப்பர்வைசிங் டாக்டர் பேர்ல போட அனுமதி இருக்குன்னு அவங்க சொன்னா, ப்ரொவைடர் மேனுவல்ல அது எந்த பக்கம்னு கேட்டு வாங்கி ஃபைல்ல வச்சுட்டு அப்புறம் அனுப்புங்க. டீம் லீட் வாய்மொழியா சொன்னாருங்கறது நாளைக்கு ஆடிட்ல நிக்காது.

என்ரோல்மென்ட் க்ளீன்னா மீதி பில்லிங் ரூல்ஸ் சுலபம். மெடிக்கெய்ட் பொதுவா கடைசி பேயர், வேற இன்சூரன்ஸ் இருந்தா அதுக்கு மொதல்ல போகணும், இல்லன்னா சிஓ 22 வரும். க்ளெய்ம் அனுப்ப ஃபெடரல் ரூல் 12 மாசம் டைம் குடுக்குது, ஆனா ஸ்டேட் அத சுருக்கலாம், நியூயார்க் 90 நாள், டெக்சாஸ் 95 நாள், அதனால ஒரு வருஷம் இருக்கேன்னு அசால்ட்டா இருந்தா சிஓ 29 (டைம் தாண்டிடுச்சு) டினையல்தான். என்சிசிஐ எடிட் (எந்தெந்த கோட ஒண்ணா பில் பண்ணக்கூடாதுங்கற ரூல்) மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாறும், மெடிக்கேர் ஃபைலும் மெடிக்கெய்ட் ஃபைலும் வேற வேற, மாத்தி பாக்காதீங்க, சார்ட்ல ஆதாரம் இல்லாம 59 மாடிஃபையர (தனித்தனி சர்வீஸ்னு காட்டற குறிய) அள்ளி போடாதீங்க.

பேஷண்டுக்கு ஸ்டேட்மென்ட் அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க. மெடிக்கெய்ட் குடுக்கற காசுதான் முழு காசு, மிச்சத்த பேஷண்ட்கிட்ட கேக்கக்கூடாது, ஸ்டேட் நிர்ணயிச்ச சின்ன கோபே மட்டும் விதிவிலக்கு. க்யூஎம்பின்னு (மெடிக்கேர் செலவுக்கு மெடிக்கெய்ட் உதவற, வருமானம் கம்மியான மெடிக்கேர் பேஷண்ட்) எலிஜிபிலிட்டில வந்தா இன்னும் உஷார், மெடிக்கேரோட டிடக்டபிள், கோஇன்சூரன்ஸ் (பேஷண்ட் கட்ட வேண்டிய பங்கு) கூட அவங்ககிட்ட வாங்க முடியாது, பிஆர்னு (பேஷண்ட் கட்டணும்ங்கற கோட்) இஓபில (பேயர் அனுப்பற கணக்கு விவரத்துல) வந்திருந்தாலும் சரி.

கூடுதலா காசு வந்துட்டா, தெரிஞ்சதுலேந்து 60 நாளுக்குள்ள திருப்பணும். க்ரெடிட் பேலன்ஸ் ஒர்க்லிஸ்ட்ட (கூடுதலா வந்த காசு இருக்கற கணக்கு லிஸ்ட்ட) யாரும் தொட மாட்டாங்க, அதுல கலெக்‌ஷன் நம்பர் ஏறாதுல்ல.

இன்னொண்ணு, சில ஸ்டேட் காண்ட்ராக்ட்ல மெடிக்கெய்ட் பேஷண்ட் டேட்டா அமெரிக்காவ விட்டு வெளிய போகக்கூடாதுன்னே இருக்கும். புது க்ளையன்ட் லாகின் குடுத்தா ஓப்பன் பண்றதுக்கு முன்னாடி அந்த ஸ்டேட்டுக்கு ஆஃப்ஷோர் பர்மிஷன் இருக்கான்னு கம்ப்ளையன்ஸ்கிட்ட மெயில்ல கேட்டு பதில் வாங்கிடுங்க.