நாலு தந்தியா, அஞ்சு தந்தியா: பேஸ் கிட்டார் மாற்றும் முன் காதால் சோதிப்பது எப்படி

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர் அஞ்சு தந்திக்கு மாறலாமா என்று யோசித்தால், கடைக்காரர் சொல்வதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு சுரத்தைச் சோதியுங்கள். அஞ்சு தந்தி பேஸில் இ (E) தந்தியை ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தாமல் மீட்டுங்கள். அடுத்து, அஞ்சாவதாகக் கூடுதலாக வரும் தடித்த பி (B) தந்தியில் 5-ஆவது ஃப்ரெட்டில் அதே இ. இரண்டும் 41 ஹெர்ட்ஸ்தான், ஆனால் இரண்டாவது மந்தமாக, உருண்டையாக, பளிச்சென்ற முனை இல்லாமல் வரும். தந்தி தடிமன், அதிரும் நீளம் குறைவு, விறைப்பு கூடுதல், அதனால் மேல் ஹார்மோனிக்ஸ் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வுகள்) சீக்கிரம் அடங்கிவிடுகிறது. எந்தச் சுரத்தை எந்தத் தந்தியில் எடுப்பது என்ற முடிவு இனி உங்கள் கையில், பாதி டோன் அதில்தான் இருக்கிறது.

மற்ற நாலு தந்திகளும் சுருதியில் நாலு தந்தி பேஸில் உள்ளதேதான். அஞ்சு தந்தி என்றாலே ஒலி செத்துவிடும் என்பது மிகைப்பேச்சு. பிக்கப்பும் (தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் பகுதி) தந்தியின் வயதும் விரலும் அதைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும். ஒன்று மட்டும் உண்மை: சும்மா இருக்கும் பி தந்தி கூடவே அதிர்ந்து ஒலியைக் கலக்கும், ஆகவே மேல் தந்திகளை வாசிக்கும்போது வலது கட்டைவிரலை அதன்மேல் சாய்த்து வையுங்கள்.

பி தந்தியை ஓங்கி மீட்டிப் பாருங்கள். சுருதி மேலே ஏறி மெதுவாக இறங்கினால் இழுவிசை போதவில்லை. 34 அங்குல ஸ்கேலில் (தந்தி அதிரும் நீளம்) இது அடிக்கடி நடக்கும், 35 அங்குலத்தில் பி இறுக்கமாக, தெளிவாக வரும், கை கொஞ்சம் கூடுதலாக நீள வேண்டும், அவ்வளவுதான்.

சரி, வாங்க வேண்டிய உண்மையான காரணம் எது? திருவிழா மேடையில் பாடகர் அரை கட்டை (ஒரு ஃப்ரெட் அளவு சுருதி) இறக்கச் சொல்வார், கீபோர்டுக்காரர் சுருதியைத் தானாக மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டுச் சிரிப்பார், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். இ-யில் இருந்த பாட்டு இ-பிளாட்டுக்குப் போனால் நாலு தந்தியில் ஆதார சுரம் கீழே கிடையாது, ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே தாவ வேண்டும், பாட்டின் அடித்தளமே காணாமல் போகும். பி தந்தியில் 4-ஆவது ஃப்ரெட் இ-பிளாட், 3-ஆவது டி, 1-ஆவது சி. டி-யில் மட்டும் ஒன்றிரண்டு பாட்டு என்றால் பணம் செலவழிக்காதீர்கள், இ தந்தியை டி-க்குத் தளர்த்தினால் போதும்.

அப்புறம் ஸ்பீக்கர். ஃப்ரெட் அழுத்தாத பி 31 ஹெர்ட்ஸ், வாடகைக்கு வரும் பல பெட்டிகளால் அதை உருப்படியாகத் தர முடியாது. காதில் விழுவது பெரும்பாலும் 62, 93 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்ஸ்தான், மீதியை மூளை நிரப்பிக்கொள்கிறது. அதனால் பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினால் பெட்டியின் கோன், அதாவது அதிரும் கூம்புத் தாள்தான் படபடக்கும். ஈக்வலைசரில் (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை லேசாக ஏற்றுங்கள், சுரம் பிரிந்து கேட்கும். டைல்ஸ் போட்ட கல்யாண மண்டபத்தில் குமுறினால் 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம் குறையுங்கள், தாழ்ந்த சுரங்களை நீட்டாமல் வெட்டி வாசியுங்கள், கிக் டிரம்முக்கும் இடம் கிடைக்கும். கோயில் திடலில் சுவர் இல்லாததால் அடி ஒலி கரைந்துவிடும், அங்கே நீட்டலாம். எதுவானாலும் சவுண்ட் செக்கில் முழு குழுவையும் வாசிக்கச் சொல்லி, ஒருவரைக் கூட்டத்தின் கடைசியில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள், மேடையில் நிற்கும் உங்கள் காதை நம்பாதீர்கள்.