வயல் துவக்கு: திருகோணமலைத் தம்பலகாமத்தில் நாங்கள் விட்ட பிழைகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

ஆயுத பூசை அன்று பெரியப்பா மண்வெட்டி, கத்தி, மருந்தடிக்கும் டாங்கி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைப்பார். கடைசியாகத் துவக்கையும் (பயிர்க் காவலுக்கு லைசன் எடுத்த சொட்கன் துப்பாக்கி) கொண்டுவந்து சுவரில் சாத்துவார். அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு. துடைக்காமல் அப்படியே அலுமாரிக்குள் வைத்துவிடுவார். அடுத்த வருடம் எடுத்தபோது பொட்டு இருந்த இடத்தில், குழலில், அதே வட்டத்தில் துரு. ஈரம் கண்ட இரும்புக்குப் பக்தி விளங்காது.

துருவைத் தேய்த்து எடுக்கலாம். எங்களை அதைவிட அதிகம் அலைய வைத்தது கடதாசிதான்.

பயிர்ப் பாதுகாப்புக்கு எடுக்கும் சொட்கன் அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான். டிசம்பர் 31 உடன் அது முடிந்துவிடும். அடுத்த வருடத்துக்கான புதுப்பித்தல் ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை. அந்த மூன்று மாதமும் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெரும்போக விதைப்பு, மாரி மழை, பன்றி, பசளைக்கு வரிசை. "கடைசியில பாப்பம்" என்று தள்ளிப்போட்டுப் போட்டு ஒரு வருடம் டிசம்பர் கடைசி வாரத்தில் பெரியப்பா வெளிக்கிட்டார். ரோட்டுக்கு மேலால் வெள்ளம். திரும்பி வந்துவிட்டார். ஜனவரி முதலாம் திகதி விடியும்போது நேற்று வரை லைசன் துவக்காக இருந்த அதே துவக்கு அனுமதி இல்லாத துவக்காகிவிட்டது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வெள்ளத்தைக் கணக்கில் எடுக்காது. பெரியப்பாவுக்கு அது பிறகு எத்தனை நடை நடந்து சரிவந்தது என்பது தனிக்கதை. ஒக்டோபர் முதல் வாரத்திலேயே போங்கள், வரிசையும் குறைவு.

இன்னொரு குழப்பம். 2024 கடைசியில் தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளை நவம்பர் 7ஆம் திகதிக்குள் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அதைக் கேட்டுவிட்டு எங்கள் ஊரில் வயல் துவக்கு வைத்திருந்தவர்களும் பதறினார்கள். அந்த அறிவித்தல் தற்பாதுகாப்புத் துவக்குகளைப் பற்றியது. உங்கள் பத்திரத்தில் எந்த நோக்கம் எழுதியிருக்கிறது என்று ஒருமுறை எடுத்து வாசியுங்கள். பலர் வாசிப்பதே இல்லை.

வாசிக்கும்போது இலக்கத்தையும் பாருங்கள். எங்கள் பத்திரம் ஒன்றில் துவக்கின் இலக்கத்தில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 ஏறிவிட்டது. யார் பிழை என்று தேடுவதில் பலன் இல்லை, வாங்கிய கையோடு நாங்கள் பார்க்கவில்லை. பழைய சொட்கனில் இலக்கம் பெரும்பாலும் குழலின் அடியில் இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து டோர்ச் அடித்தால்தான் தெரியும். அதைக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோய், பத்திரம் தரும் மேசையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். படிவம் உங்களுக்குத் தெரியாத மொழியில் நிரப்பப்பட்டிருந்தால் கையெழுத்து வைக்குமுன் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெரியப்பா தவறியபோது விட்டதுதான் எங்கள் மிகப் பெரிய பிழை. அந்தியேட்டி முடியட்டும் என்று இருந்தோம். அது முடிந்ததும் அறுவடை. துவக்கு அலுமாரியிலேயே கிடந்தது. காணி உறுதி போல, மாட்டுப் பட்டி போல, துவக்கும் மகனுக்கு வரும் என்றுதான் அண்ணா நினைத்திருந்தான். அனுமதி ஆளுக்குக் கொடுப்பது. ஆள் போனால் அதுவும் போய்விடும். செத்த வீடு நடக்கும்போதே யாராவது ஒருவர் பொலிசில் அறிவித்து, துவக்கையும் மிச்சத் தோட்டாக்களையும் ஒப்படைத்து, எழுத்தில் ஒரு துண்டு வாங்கிவிட வேண்டும். அந்தத் துண்டு முக்கியம். வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "எந்தத் துவக்கு?" என்று கேட்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பிறகு மகன் தன் பெயரில் கிராம சேவகரிடம் இருந்து புதிதாகத் தொடங்கலாம்.

கடன் கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மச்சான் கேட்டாலும் இல்லை, காவலுக்கு வருகிற பொடியன் கேட்டாலும் இல்லை.

சரி, வைப்பது எப்படி? பெரியப்பா துவக்கைப் பூட்டித்தான் வைத்தார். திறப்பு பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வீட்டில் ஒன்பது பேருக்கும் அது தெரியும், அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைப் பூட்டு என்று சொல்ல முடியாது. திறப்பு லைசன்காரரின் இடுப்பில் இருக்க வேண்டும். துவக்கு ஓர் இடம், தோட்டா வேறோர் இடம், இரண்டுக்கும் வேறு பூட்டு. வயலில் இருந்து வந்தால் செருப்பைக் கழற்றுமுன் துவக்கை மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்து, வெறுங்குழலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். "விடிய திரும்பப் போறதுதானே" என்று ஏற்றியபடியே கதவு மூலையில் சாத்தி வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். காவல் கொட்டிலில் விட்டு வருவதும் அப்படித்தான். களவு போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். போனது தெரிந்த அன்றே முறைப்பாடு செய்யாவிட்டால் கேள்வி இரண்டாகும்.

குழலைப் பார்ப்பது சும்மா சடங்கு அல்ல. ஒருமுறை அண்ணா வெளிச்சத்தில் பிடித்தபோது மறுபக்கம் இருட்டாக இருந்தது. கோல் விட்டுத் தள்ளினால் சுண்டு விரல் அளவில் காய்ந்த களிமண் கட்டி, உள்ளே சுருண்ட புழு. குளவி கூடு கட்டியிருக்கிறது! அப்படியே சுட்டிருந்தால் குழல் வெடித்து, கையோ முகமோ போயிருக்கும். தோட்டா மாறினாலும் இதே கதைதான். போர் என்பது குழலின் அளவு, இலக்கம் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 20 போர் தோட்டா 12 போர்த் துவக்கின் வாயில் நிற்காது, உள்ளே வழுக்கிப்போய்க் குழலுக்குள் இறுகிவிடும். ஏற்றவில்லை என்று நினைத்து மேலே ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்தப் பயத்தால்தான். இரண்டையும் ஒரே டப்பாவில் போடவே வேண்டாம்.

கடற்காற்றும் மாரி ஈரமும் உள்ள ஊர் நம்முடையது. துணி உறைக்குள், தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் உறை ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும். தேங்காயெண்ணெய் பூசுவதும் பிழை. அது நாளாக நாளாகப் பிசினாகி விசையை இறுக்கும். தையல் மெசின் எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போதும். அப்புறம், ஈரத்தில் ஊதிப்போன பழைய கடதாசித் தோட்டாவை வெயிலில் காயவைத்துப் பாவிக்க நினைக்க வேண்டாம்.

லைசன் இருந்தால் எதையும் சுடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மயிலைச் சுட்டாலும் குற்றம், மானைச் சுட்டாலும் குற்றம். யானைக்குச் சொட்கன் சுடுவது மடத்தனமும் கூட. ஈயக் குண்டு பெரும்பாலும் அதை அங்கேயே கொல்லாது, புண்ணாக்கிச் சீழ் பிடிக்க வைக்கும். அந்த யானை அடுத்த முறை ஆளைக் கண்டால் விலகிப் போகாது. பன்றிக்கென்று கட்டுத்துவக்கு, அதாவது கம்பி தட்டுப்பட்டதும் தானாக வெடிக்கும் துவக்கு, கட்டுவது எந்த லைசனுக்குள்ளும் வராது. கம்பியில் யார் காலை வைப்பார் என்று கட்டியவனுக்கும் தெரியாது. விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர் என்று கால் போனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

யுத்தம் நடந்த மண்ணில் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் வேறு சாமான்களும் வரும். துருப்பிடித்த ரவை (துப்பாக்கிக் குண்டு), செல் (பீரங்கிக் குண்டு), எதுவென்றே தெரியாத இரும்பு. துவக்கு பிடித்துப் பழகியவர்தான் "எனக்குத் தெரியும்" என்று முதலில் குனிந்து எடுப்பார். எடுக்க வேண்டாம். தூரத்தில் ஒரு தடியை ஊன்றி அடையாளம் வைத்து, வந்த அடியிலேயே திரும்பி நடந்து, பொலிசுக்குச் சொல்லுங்கள். எங்கள் சாமியறைத் தட்டில் பல வருடமாக ஒரு ரவை கிடந்தது, யாரோ சின்னவன் பொறுக்கி வந்து வைத்தது. லைசன் எங்கள் சொட்கனுக்கு மட்டும்தான், அந்த ரவைக்கு இல்லை என்பது துவக்கை ஒப்படைக்கப் போன அன்றுதான் அண்ணாவுக்கு உறைத்தது.