முதுகுவலியும் எம்ஆர்ஐ அறிக்கையும்: எங்கே தவறுகிறோம்?

இடுப்பு வலி என்று வாயைத் திறந்ததுமே, "எம்ஆர்ஐ எடுத்தாச்சா?" என்று கேட்பவர்கள் சிங்கப்பூர்த் தேக்கா காப்பிக்கடையிலும் இருக்கிறார்கள். எடுத்தவர் அறிக்கையில் 'தேய்மானம்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டால் போதும், அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் பெரும்பாலோருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டில் தேய்மானம் தெரியும். முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகளும் வயதோடு தேய்பவைதான். எந்த மூட்டு வலிக்கிறது என்பதைப் படம் சொல்லாது.

வலி காலுக்கு இறங்கினாலே நரம்புதான் என்று நினைப்பதும் தவறு. மூட்டு வலியும் பிட்டம், தொடை வரை பரவும். முழங்காலுக்குக் கீழே மின்னல்போல ஓடி மரத்துப்போனால்தான் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். இடுப்புக் குழிக்குக் கீழே ஒரே விரலால் இடத்தைக் காட்ட முடிகிறதா? அப்படியானால் முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டையும் பார்க்க வேண்டும். அதற்கு மருத்துவர் அழுத்தியும் திருகியும் பல சோதனைகள் செய்வார். ஒன்றில் மட்டும் வலித்தால் போதாது, குறைந்தது மூன்று சோதனைகளிலாவது வலிக்க வேண்டும்.

அதிகம் சொதப்புவது, வலி அந்தச் சிறு மூட்டிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கப் போடும் சோதனை ஊசியில்தான். ஒரு சிறு மூட்டுக்கு இரண்டு மெல்லிய நரம்புகள் வருவதால் இரண்டு இடங்களை மரக்க வைப்பார்கள். நம்மவர்கள் வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கிவிடுகிறார்கள்! மருத்துவர் தடுக்காவிட்டால், வழக்கமாக வலிக்கும் அசைவுகளை அந்தச் சில மணி நேரத்தில் செய்து பார்த்து, நேரத்தோடு குறித்து வையுங்கள். வலிமாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். மறுநாள் வலி திரும்பினால், "ஊசி வேலை செய்யலையே" என்று நொந்துகொள்ள வேண்டாம். அது சிகிச்சை அல்ல, கேள்வி. ஒரு முறை வலி குறைந்தது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் வேறொரு நாள் மறுபடியும் போடுவார்கள்.

இளையவர்களுக்கு ஒன்று: காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, நடந்தால் குறைந்து, ஓய்வில் கூடும் வலி தேய்மானம் போல் தெரியவில்லை. அது மூட்டு அழற்சியாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம்.

பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் அரசு மருத்துவமனை நிபுணரிடம் மானியம் கிடைக்கும். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, காலில் பலம் குறைந்தாலோ அதற்கெல்லாம் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.