மேல் மாடி அறையைக் குளிர வைக்க: மொட்டை மாடிச் சுண்ணாம்பிலிருந்து தொடங்குங்கள்

இரவு ஒன்பது மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி, மேல் மாடி அறையின் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆன தோசைக்கல் போல வெதவெதவென்று இருக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், அந்தச் சூட்டை மெதுவாகக் கீழே கடத்தி, சரியாக நாம் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. ஃபேன் அதைத்தான் நம் மேல் தள்ளுகிறது.

நம் ஊரில் கோடைச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே போகிறது. ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் நடுப்பகலில் நிழலே விழாது. அதனால் சுவர்களைவிடக் கூரைதான் அதிகம் வாங்குகிறது. அடுத்தது, சாயங்கால வெயில் சாய்ந்து அடிக்கும் மேற்குச் சுவர். கோடையில் தெற்குச் சுவரில் அவ்வளவு வெயில் படாது. இந்த வரிசையிலேயே வேலையையும் செய்வோம்.

முதல் படி: மாடிக்கு வெள்ளை

மாசி, பங்குனியில் செய்துவிடுங்கள். மாடியில் ஒழுகல் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். சுண்ணாம்பு தண்ணீரைத் தடுக்காது. தென்னந்துடைப்பத்தால் பாசி, மண் எல்லாம் போகத் தேய்த்துக் கழுவுங்கள்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்றுவது, அதாவது தண்ணீர் விட்டுப் பொடியாக்குவது, பழைய முறை. ஆனால் தண்ணீர் பட்டதும் அது கொதிக்கும், தெறிக்கும். புதியவர்களுக்கு அது வேண்டாம். கடையில் நீற்றிய சுண்ணாம்புத் தூளாகவே கிடைக்கிறது. அதை முந்தின நாள் இரவே தண்ணீரில் ஊற வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும். காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, ஒரு பக்கெட்டுக்கு அரை டம்ளர் ஃபெவிகால் சேருங்கள். முன்பு இதற்கு வஜ்ஜிரம் என்ற பசையைக் காய்ச்சி ஊற்றுவார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குங்கள். தரையை லேசாக நனைத்துவிட்டு மெல்லிசாக ஒரு கை அடியுங்கள். ஈரமாக இருக்கும்போது வெள்ளையே தெரியாது, அழுக்குத் தண்ணீர் பூசியது போல இருக்கும். இங்கேதான் எல்லோரும் பயந்து கெட்டியாக அப்பிவிடுகிறார்கள். அப்படி அப்பியதுதான் பிறகு ஏடு ஏடாக உரிகிறது. பொறுமையாக இருங்கள், காயக் காய வெளுக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக மாறுகிறது. அதற்கு நேரமும் கொஞ்சம் ஈரமும் வேண்டும். ஒரு நாள் விட்டு இரண்டாவது கை, இன்னொரு நாள் விட்டு மூன்றாவது. மூன்றாவது கை காய்ந்த மறுநாள் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போங்கள். மழைநீர் சேமிப்பவர்கள் முதல் சில மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாதீர்கள். மழைக்காலம் முடிந்தால் பாதி போயிருக்கும், வருஷம் ஒரு தரம் அடிக்க வேண்டியதுதான். இவ்வளவு குறைந்த செலவில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அகமதாபாத்தில் 2017-ல் எளியவர்களின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினார்கள். இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைக்குக் குளிர்கூரை என்று பெயர். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சுருக்கித் தளத்தைக் கேட்டு வாங்குங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். அதன் மேல் தட்டையான சுட்ட மண் ஓடு, அதாவது தட்டோடு, பதிப்பார்கள். செங்கல் ஜல்லிக்குள் நிறையக் காற்று இருப்பதால் சூடு இறங்குவது தாமதமாகும். தட்டத் தெரிந்த ஆட்கள் குறைந்து வருகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இரண்டாம் படி: மேற்குச் சுவருக்கு வெளியே நிழல்

ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதில் பெரிய பலன் இல்லை. கண்ணாடியைத் தாண்டிய வெயில் உள்ளே வந்தது வந்ததுதான். வெளியே, சுவரிலிருந்து அரை அடி தள்ளி மூங்கில் தட்டி கட்டுங்கள், அல்லது கம்பி இழுத்து அவரையோ சங்குப்பூவோ ஏற்றுங்கள். அந்த இடைவெளி முக்கியம், அதன் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். இடமிருந்தால் ஒரு புங்கை மரம் வையுங்கள்.

மூன்றாம் படி: சூடான காற்றுக்கு ஒரு வழி

ஜன்னலுக்குத் தமிழில் காலதர் என்று ஒரு பழைய பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சூடான காற்று மேலே ஏறும், அது வெளியே போனால்தான் கீழே புதுக் காற்று நுழையும். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளின் உயர்ந்த கூரைக்கும் அடுத்தடுத்த முற்றங்களுக்கும் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

உங்கள் அறையில் சீலிங்கை ஒட்டிய வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தால் பிரித்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள். ஒரு ஊதுபத்தியை ஏற்றிப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கேதான் வழி அடைபட்டிருக்கிறது. வெளியே உள்ளதைவிட வீட்டுக்குள் சூடு குறைவாக இருக்கும்வரை பகலில் ஜன்னலைச் சாத்தி வைத்து, இரவில் எல்லாவற்றையும் திறங்கள். கடலோரத்தில் மட்டும் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிடலாம்.

முற்றத்தைப் பாலிகார்பனேட் ஷீட் போட்டு முழுக்க மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் ஷீட்டைச் சுவருக்கு ஓர் அடி மேலே தூக்கி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள்.

நான்காம் படி: வெட்டிவேர் தட்டி

இது காற்று உலர்ந்த ஊருக்கான வேலை. வேலூர், திருச்சி, மதுரையில் மே மாதப் பகலில் நன்றாக வேலை செய்யும். சென்னையில் கடற்காற்று வந்துவிட்டால் புழுக்கம்தான் கூடும். காற்று வரும் பக்கத்து ஜன்னலில் தட்டியைக் கட்டி, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளியுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான், ஈரம் ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். எதிர் ஜன்னல் திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் அறைக்குள்ளேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறை தட்டியைக் கழற்றி வெயிலில் நன்றாக உலர்த்துங்கள், பூஞ்சை பிடிக்காது.