மேல்வரிசைக்கு இம்பிளான்ட் பல்செட் வைத்துக்கொள்ளும் முறை

மேல்வரிசைப் பற்கள் அனைத்தையும் இழந்தவர்கள், இம்பிளான்ட் (பல்செட்டைப் பிடித்து நிறுத்தத் தாடை எலும்பில் பொருத்தும் திருகு) பொருத்திக்கொள்ள முடிவு செய்யும் முன், இப்போதுள்ள பல்செட் எதனால் தொல்லை தருகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். மேல் பல்செட் அண்ணத்தை மூடி, உமிழ்நீர்ப் படலத்தின் பிடிப்பால் ஒட்டி நிற்பது. ஆகவே எலும்பு ஓரளவு மிஞ்சியிருப்பவருக்கு, மறுபடி அளவெடுத்துச் செய்த சாதாரணப் பல்செட்டே போதுமானதாகிவிடுவதுண்டு. அதன் பிறகும் பேசும்போது நழுவுகிறது, அண்ணத்தில் பட்டாலே குமட்டுகிறது என்பவர்களுக்குத்தான் இம்பிளான்ட் பெரிதும் உதவும்.

மருத்துவரிடம் செல்லும்போது மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதச் சராசரி அளவையும் காட்ட வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டவர்கள், அவற்றுள் சில தாடைப் புண் ஆறுவதைத் தடுக்கக்கூடும் என்பதால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். புகைபிடிப்பதையும் மறைக்கக் கூடாது.

அடுத்தது சிபிசிடி ஸ்கேன், அதாவது தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே. மேல் தாடையின் பின்பகுதிக்கு மேலே சைனஸ் எனப்படும் காற்றறை இருக்கிறது; பல் போய்ப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு எலும்பு கரைந்து, அந்த அறைக்கும் ஈறுக்கும் இடையே மிக மெல்லிய எலும்பே எஞ்சியிருக்கலாம். அப்போது எலும்பு வைத்து வளர்ப்பதா, முன்பகுதியிலேயே திருகுகளை அமைப்பதா என்று முடிவு செய்வார்கள். மேல் தாடை எலும்பு கீழ்த் தாடையைவிட மென்மையானது என்பதால், கழற்றி மாட்டும் பல்செட்டுக்குப் பொதுவாகக் குறைந்தது 4 டைட்டானியம் திருகுகள் தேவைப்படும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டே திருகில் கீழ்ப் பல்செட்டை மாட்டிக்கொண்டதைச் சொல்லிப் பேரம் பேசுவதில் பயனில்லை.

திருகுகள் எலும்போடு பிணைய 4 முதல் 6 மாதங்கள் ஆகலாம். அதுவரை, உட்புறம் மென்மையாக்கப்பட்ட பழைய பல்செட்டை அணியலாம்; முதல் சில வாரங்கள் இட்லி, குழைந்த சாதம் போன்றவை போதும்.

திருகுகள் போதிய இடைவெளியில் நன்கு பிணைந்திருந்தால், அண்ணத்தை மூடும் பகுதி இல்லாமலே பல்செட் செய்யலாம். மிளகு ரசத்தின் சூடு பல நாள்களுக்குப் பின் அண்ணத்தில் உறைக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். மாட்டும்போது இரு பக்கமும் விரலால் சமமாக அழுத்த வேண்டும். 'டக்' என்ற ஒலியுடன் உட்காரும். கடித்து உட்கார வைத்தால் இணைப்புகள் கெட்டுவிடும்.

இரவில் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். வெந்நீர் அதன் வடிவத்தையே கெடுத்துவிடும். கழுவும் தொட்டியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டால், கைதவறினாலும் உடையாது. திருகுகளின் மேல், ஈறுக்கு வெளியே தெரியும் உலோகக் குமிழ்களைச் சுற்றியும் தேய்க்க வேண்டும். பிடிப்பு தளர்ந்தால் பெரும்பாலும் பல்செட்டின் உள்ளிருந்து குமிழைக் கவ்வும் நைலான் வளையம் தேய்ந்திருக்கும். அதை மாற்றச் சில நிமிடங்களே ஆகும் என்றாலும், அதற்கான கட்டணத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குமிழைச் சுற்றி இரத்தம் கசிந்தால், வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். திருகைச் சுற்றியுள்ள எலும்பு பெரும்பாலும் வலியின்றியே கரையும்.